பார்பரா பிறந்த பெட்டி

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அல்போன்சாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: அளவெடுக்கும்போது அவள் வாயைத் திறக்க மாட்டாள். திரைக்குப் பின்னால் நிற்க வைப்பாள், டேப்பை வைப்பாள், எடுப்பாள், நோட்டில் எழுதுவாள், நோட்டை மூடி அதன்மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைப்பாள். சுடச்சுட இருக்கும் பெட்டி. அட்டை கருகியே நாலு நோட்டு மாற்றியிருக்கிறாள். ஆனால் அதை ஒருத்தியும் எட்டிப் பார்த்ததில்லை. நான் ஒரே ஒரு முறை முயன்றேன். வலது கை நடுவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. இட்லிச் சட்டி சுட்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவள் பிறவியிலேயே வாய் மூடியவள் இல்லை. 1991இல் ஒற்றை மெஷினோடு கடை போட்ட புதிதில், பள்ளிக்கூடத்தில் ஹாஜர் எடுப்பதுபோல அளவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் எழுதுவாள். இரண்டு வருஷம் கழித்து அகரத்திலிருந்து கருப்பம்மாள் வந்தாள். பூ விவசாயம் பார்க்கும் சோலைமுத்துவின் மனைவி. கூடவே அவள் நாத்தனாரும் வந்திருந்தாள்.

"இடுப்பு நாப்பத்திரெண்டு" என்று அல்போன்சா பாடினாள்.

நாத்தனார் அந்த எண்ணை ஒரு இம்மி சிந்தாமல் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். முத்தாலம்மன் திருவிழாவில் கருப்பம்மாள் ராட்டினத்தில் ஏறப் போனபோது, "ஏலே, நாப்பத்திரெண்டு ஏறுது, கயிறு தாங்குமான்னு பாருங்கடா" என்று ஒரு குரல் கேட்டது. ஊரே சிரித்தது. ராட்டினமே சிரித்து ஆடியதாகச் சொல்கிறார்கள்.

வருஷம் இரண்டு ஓடியும் கருப்பம்மாள் கடைப்பக்கம் வரவில்லை. காரணம் காதுக்கு எட்டியதும் அல்போன்சா பஸ் ஏறி அகரத்துக்கே போனாள். கருப்பம்மாள் சண்டை போடவில்லை. செவ்வந்தி பறித்துக்கொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல் கேட்டாள்:

"ஏத்தா, நான் அளவு குடுத்தது ரவிக்கை தைக்கத்தான? தண்டோராப் போடவா குடுத்தேன்?"

அல்போன்சா அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். மறுநாள் பழைய நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுப் புது நோட்டு வாங்கினாள். அதில் ஒரு வாடிக்கைக்காரியின் பெயரும் கிடையாது. செசிலியா, அகத்தா, ரீத்தா, பிலோமினா என்று எல்லாம் புனிதையர் பெயர்கள். எந்தப் புனிதை எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்பது அவள் மண்டைக்குள் மட்டும் இருக்கும். பங்குச்சாமியார் கேள்விப்பட்டு விசாரித்தாராம். "சாமி, நம்மள்ல ஒரு ஆளுக்கே ஞானஸ்நானப் பேரு, உறுதிபூசுதல் பேரு, வீட்ல கூப்புடுற பேருன்னு மூணு இருக்கு. நான் நாலாவதா ஒண்ணு குடுத்தேன், அம்புட்டுத்தான்" என்றாள். "சரி, பூசையில மட்டும் இடுப்பளவை வாசிச்சிராத" என்று அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். கருப்பம்மாளும் திரும்பி வந்தாள்.

இந்த ஒரு சூடு பட்டதிலிருந்து, ஊருக்குள் வந்த ஒவ்வொரு புது சாமானையும் அல்போன்சா அந்தக் கண்ணோடுதான் பார்த்தாள். 1998இல் கடைக்கு டெலிபோன் வந்தது. ஸ்பீக்கர் பட்டன் வைத்த போன். "ஊருக்கே கேக்குற மாதிரிப் பேசணும்னா எதுக்குப் போனு, மொட்டை மாடியில ஏறிக் கத்துனா ஆகாதா?" என்றவள், லைனிங் துணியில் ஒரு உறை தைத்து, அந்தப் பட்டன் இருக்கும் இடத்தை மட்டும் நாலு தையல் போட்டு அடைத்துவிட்டாள். மிக்ஸி வாங்குவதென்றால் அதை வாங்கி ஆறு மாதம் அரைத்த மூன்று பேரைத் தேடிப் பிடித்துக் கேட்பாள். விளம்பரத்தை நம்ப மாட்டாள். விளம்பரத்தில் வரும் பெண்ணின் ரவிக்கையில் தோள்பட்டைத் தையல் கோணலாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள்.

பிறகு கூப்பன் காலம் வந்தது. எந்தக் கடையில் எதை வாங்கினாலும் ஒரு சீட்டு, ஒரு பேனா, ஒரு பெட்டி. பெயர் எழுது, வயது எழுது, விலாசம் எழுது, போன் நம்பர் எழுது, வீட்டில் விசேஷம் உண்டா எழுது. குலுக்கலில் கிரைண்டர் விழும். மற்றவர்கள் குனிந்து எழுதினார்கள். அல்போன்சா கேட்டாள்: "கிரைண்டர் என்னையப் பேர் சொல்லியா கூப்புடப் போகுது? என் வயசு அதுக்கு எதுக்கு?"

ஆனாலும் கிரைண்டரை விட மனசில்லை. எனவே அளவு நோட்டுப் பழக்கம் கைகொடுத்தது. ஒரு கடைக்கு ஒரு புனிதை. ஜவுளிக்கடைச் சீட்டில் லூசியா, நகைக்கடைச் சீட்டில் மோனிக்கா. நம்பரும் விலாசமும் மட்டும் தன் தையல்கடையுடையது. யாரிடம் எந்தப் பெயரைக் கொடுத்தோம் என்பதை அவள் மறப்பதில்லை. நானூறு புனிதையரை மனப்பாடமாக வைத்திருப்பவளுக்கு இது ஒரு பாரமா? தபால்காரர் வீரன்தான் பாவம். "யக்கா, லூசியாம்மாவுக்குக் கடிதாசி வந்திருக்கு, மோனிக்காம்மாவுக்குக் காலண்டர் வந்திருக்கு. உங்க வீட்ல மொத்தம் எத்தன பேரு?" என்று கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் சாமி பெயரில் எது வந்தாலும் அல்போன்சா கடையில் போட்டுவிடுவார்.

2006ஆம் வருஷம் கருப்பம்மாளின் மகள் புவனேஸ்வரிக்குக் கல்யாணம் கூடிவந்தது. புவனா பி.காம். படித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீசில் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாள். சொந்தமாக ஒரு செல்போன் வைத்திருந்தாள். மாப்பிள்ளை கன்னிவாடி பிரபு. தை மாதம் தேதி குறித்தாயிற்று. சீர் சாமான் வாங்க அல்போன்சாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள், ஏமாறாமல் வாங்க வேண்டுமே என்று. ஜவுளி, நகை, கடைசியாக ஸ்டீபன்ராஜின் பாத்திரக்கடை. மூன்று கடையிலும் சீட்டு. புவனா மூன்றிலும் உள்ளதை உள்ளபடி எழுதினாள். அல்போன்சா பாத்திரக்கடைச் சீட்டில், "பார்பரா, வயது பத்தொன்பது, சித்திரையில் திருமணம்" என்று எழுதிப் போட்டாள். அன்று அவளுக்கு நாற்பத்தி நாலு வயது, கல்யாணமாகி இருபது வருஷம்.

கார்த்திகை பிறந்ததும் புவனாவின் போன் அடிக்க ஆரம்பித்தது. கடன் வேணுமா, போட்டோ எடுக்கணுமா, மண்டபம் பார்த்தாச்சா. அதுகூடப் பரவாயில்லை. ஒருவன் இருந்தான். நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிட்டான். பெயர் தெரியும், வயது தெரியும், தை மாதம் கல்யாணம் என்பதும் தெரியும். "மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கா புவனா? இல்லேன்னா சொல்லு, நான் இருக்கேன்" என்பான். ஒரு நாள் மாப்பிள்ளையின் அம்மா முத்துப்பேச்சி வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில் போன் அடித்தது. சோலைமுத்து எடுத்துக் காதில் வைத்தார். அந்த வாக்கியம் முழுதாக அவர் காதில் விழுந்தது. முகம் மாறியதை முத்துப்பேச்சி பார்த்தாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வாரோமுங்க. அப்ப ஒரு முடிவாப் பேசிக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, வைத்த காப்பியைக் குடிக்காமல் போனாள்.

சோலைமுத்து போனைப் பிடுங்கிக்கொண்டார். வேலைக்கும் போக வேண்டாம் என்றார். புதன்கிழமை மத்தியானம் புவனா அல்போன்சாவின் கடையில் வந்து நின்றாள். கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்த அல்போன்சா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் யாருக்கும் நம்பர் குடுக்கலக்கா. எங்கப்பா நம்ப மாட்டேங்காரு. 'தெரியாதவனுக்குத் தை மாசம் எப்படிடி தெரியும்'னு கேக்காரு. என்னத்தச் சொல்லுவேன்?"

அல்போன்சா ஊசியைக் குத்தி வைத்தாள். "தை மாசம்னா சொன்னான்?"

"ஆமாக்கா."

"வயசும் சொன்னானா?"

"சொன்னான்."

"அப்ப அழாத. எனக்கும் ரெண்டு வாரமா போன் வருது. 'பார்பரா மேடம் இருக்காங்களா, மண்டபம் வேணுமா'ன்னு. லூசியாவ ஒருத்தனும் கேக்கல. மோனிக்காவ ஒருத்தனும் கேக்கல. உன் நம்பரு எந்தப் பெட்டியிலருந்து போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு. இப்ப உங்கப்பாவுக்குத் தெரியணும், அம்புட்டுத்தான்."

"அவரு நம்புவாரா?"

"காதுல கேட்டா நம்புவாரு. அவன் பட்டியல வச்சிக்கிட்டுக் கூப்புடுறான். பத்தொம்பது வயசுக்காரிய விட்டுருவானா? நீ போய் உங்கப்பாவ வரச் சொல்லு. உங்கம்மாவுக்கு நான் செஞ்ச தப்பத்தான் எவனோ உனக்குச் செஞ்சிருக்கான். அத விட்டுட்டு நான் கொக்கி வச்சிக்கிட்டு இருக்கவா?"

சோலைமுத்து வர மாட்டேன் என்றார். "ரவிக்கக் கடையில நான் போயி உக்காரவா? பூ மார்க்கெட்ல என்னைய என்னன்னு சொல்லுவான்?" கருப்பம்மாள் அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சப்ப, நீங்களும் சேந்துதான் சிரிச்சீங்க." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கிளம்பினார்.

புதன் சாயங்காலமும் வியாழன் முழுவதும் சோலைமுத்து கடையில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் வந்துபோகும் இடம் என்பதால் சுவரைப் பார்த்து ஸ்டூல் போட்டுக் கொடுத்திருந்தாள் அல்போன்சா. அந்தச் சுவரில் எத்தனை பல்லி, எந்தப் பல்லிக்கு எது உறவு என்று இன்றும் அவரால் சொல்ல முடியும். அல்போன்சா போன் உறையில் போட்டிருந்த நாலு தையலையும் பிரித்து வைத்திருந்தாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு ஸ்பீக்கர் பட்டன் வெளிச்சத்தைப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மணி அடித்தது. அல்போன்சா பட்டனை அமுக்கினாள்.

"பார்பராவா?"

"ஆமா, யாரு?" ரவிக்கை வாங்கும் சாக்கில் அங்கே நின்ற நான் அந்தக் குரலைக் கேட்டேன். தேன்குழலைப் பாகில் நனைத்து எடுத்ததுபோல இருந்தது. நாற்பத்தி நாலு வயது எங்கே போய் ஒளிந்ததோ!

"நான் யாருங்குறது இருக்கட்டும். பத்தொம்பது வயசாமே. சித்திரையில கல்யாணமாமே?"

"ஐயோ, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எல்லாம் தெரியும். மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கா? இல்லேன்னா சொல்லு, நான் இருக்கேன்."

ஸ்டூல் கீழே விழும் சத்தம் கேட்டது. சோலைமுத்து சுவரிலிருந்து திரும்பியிருந்தார். அதே குரல். எழுத்துக்கு எழுத்து அதே வாக்கியம்.

"செத்த இருங்க, எங்கப்பாகிட்டக் குடுக்கேன்" என்று அல்போன்சா நகர்ந்து கொண்டாள்.

சோலைமுத்துவின் தொண்டை பூ மார்க்கெட்டில் ஏலச் சத்தத்துக்கு நடுவே முப்பது வருஷம் பழகிய தொண்டை. அவர் போனில் என்ன சொன்னார் என்பதை அச்சில் போட முடியாது. கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் தாடிக்கொம்பு வரைக்கும் பறந்து போயின. எதிர் வீட்டு நர்கீஸ் தொட்டிலில் போட்டிருந்த குழந்தை அன்றுதான் முதல் வார்த்தை பேசியது. அது என்ன வார்த்தை என்பதையும் அச்சில் போட முடியாது.

போனை வைத்த பிறகு அவர் விழுந்து கிடந்த ஸ்டூலை எடுத்து நிறுத்தினார். பிறகு மடியிலிருந்து மகளின் செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தார். "பிள்ளைகிட்டக் குடுத்துருத்தா. நானே குடுத்தா அழுதுருவேன்" என்றார்.

"நீங்கதான் குடுக்கணும்ணே. அழுதாலும் பரவால்ல" என்றாள் அல்போன்சா. அவரே கொடுத்தார். மகள் அழவில்லை; அவர்தான் சொன்னபடி அழுதார்.

மறுநாள் காலை, சோலைமுத்து, கருப்பம்மாள், புவனா மூவரையும் கூட்டிக்கொண்டு அல்போன்சா ஸ்டீபன்ராஜின் பாத்திரக்கடைக்குப் போனாள். கையில் டேப், கக்கத்தில் அளவு நோட்டு. நானும் ஒரு தோசைக்கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி பக்கத்தில் நின்றேன். தோசைக்கல் வீட்டில் மூன்று இருந்தது. கடையில் சனிக்கிழமைக் கூட்டம். கல்லாவுக்குப் பின்னால் புதுவருஷக் காலண்டர்கள் கூரை முட்ட அடுக்கியிருந்தன.

"ஸ்டீபன் அண்ணே, எங்க சீட்டையெல்லாம் யாருக்குக் குடுத்தீங்க?"

"சீட்டா? அது பெட்டியில பத்திரமா இருக்குது தங்கச்சி. பூட்டுன பெட்டி."

"பெட்டி பூட்டித்தான் இருக்கு. உள்ள இருந்த நம்பரு ஊரச் சுத்துதே?"

"வேற எங்கயாச்சும் குடுத்திருப்பீங்க. பேங்க்ல குடுத்திருப்பீங்க, ரேஷன்ல குடுத்திருப்பீங்க. எங்கடைய மட்டும் சொன்னா எப்படி?"

"பார்பரான்னு ஒருத்திக்குப் போன் வருது."

"வரட்டுமே! ஊருல ஆயிரம் பார்பரா."

"என் நம்பருக்கு வருது. அந்தப் பார்பராவுக்கு வயசு பத்தொம்பது, கல்யாணம் சித்திரையில. அவ பேங்க்குக்குப் போனதில்ல, ரேஷன் கார்டுல இல்ல, எங்க பங்குக் கோயில் ஞானஸ்நான ரிஜிஸ்தர்ல இல்ல. அவ பிறந்த இடம் ஒண்ணே ஒண்ணுதான்." அல்போன்சா கூப்பன் பெட்டியின் தலையில் டேப்பால் தட்டினாள். "இந்தப் பெட்டி. நான்தான் பெத்தேன். இதுக்குள்ள இருந்தவ எப்படிண்ணே வெளிய போனா?"

ஸ்டீபன்ராஜ் காலண்டரைப் பார்த்தார். கூட்டம் முழுவதும் அவர் கண் போன பக்கம் திரும்பியது. பெண்களிடம் அந்தக் கெட்டிக்காரத்தனம் உண்டு.

"காலண்டர் அடிக்கிறவன் கேட்டான்…" என்று இழுத்தார். "ஐந்நூறு காலண்டர் சும்மா அடிச்சுத் தாரேன், உங்க கஸ்டமர் லிஸ்ட ஒரு காப்பி குடுங்கன்னான். வெறும் நம்பருதானம்மா. நகையா குடுத்தேன், நட்டா குடுத்தேன்? வெறும் நம்பரு!"

அல்போன்சா அளவு நோட்டை எடுத்துக் கல்லாமேல் வைத்தாள்.

"வெறும் நம்பருதான? சரிண்ணே. உங்க வீட்டம்மா எங்கிட்டத்தான் பத்து வருஷமாத் தைக்கிறாங்க. இதுலயும் வெறும் நம்பருதான் இருக்கு. சனிக்கிழமை, நல்ல கூட்டம். சத்தமா வாசிக்கவா?"

"ஐயோ, வேணாம்! வேணாம் தங்கச்சி!" ஸ்டீபன்ராஜ் இரண்டு கையாலும் நோட்டை மூடிப் பிடித்தார். இஸ்திரிப் பெட்டியே தோற்கும் அழுத்தம்.

"வாசிக்க மாட்டேன். கழுத்துல கத்திய வச்சாலும் வாசிக்க மாட்டேன். ஏன்னா அவங்க அளவு குடுத்தது ரவிக்கை தைக்க. நாங்க உங்களுக்கு நம்பர் குடுத்தது குலுக்கிப் பாக்க. நீங்க எதுக்குண்ணே காலண்டர் வாங்குனீங்க?"

கருப்பம்மாள் சிரித்தாள். பதினோரு வருஷத்துக்கு முன் செவ்வந்திக் காட்டில் தான் சொன்ன வாக்கியம், பாத்திரக்கடைக்குள் நிமிர்ந்து நடந்து வருவதை அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

அதற்குப் பிறகு ஸ்டீபன்ராஜால் கடை நடத்த முடியவில்லை. கூட்டத்திலிருந்த அத்தனை பெண்களும், "என் சீட்டக் குடு" என்று கை நீட்டினார்கள். சீட்டே எழுதாத நானும் நீட்டினேன். பெட்டியைத் திறந்து கொட்டினார். அவரவர் சீட்டை அவரவர் தேடி எடுத்தார்கள். காலண்டர்க்காரனைக் கூப்பிட்டு நம்பரைச் சொன்னதும், அவன் அச்சகத்தில் அந்த லிஸ்டைத் தட்டச்சு செய்தவன்தான் போனில் தொல்லை கொடுத்தவன் என்பதும் வெளியே வந்தது. செல்போனில் பதிந்திருந்த அவன் நம்பரோடு அப்பாவும் மகளும் ஒன்றாகப் போய் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். முன்தினம் வரை அதே நம்பரைக் காட்டி மகளைக் கேள்வி கேட்டவர், அன்று இன்ஸ்பெக்டர் முன்னால் அதை ஒவ்வோர் இலக்கமாகத் தானே படித்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேச்சி அகரத்துக்கு வந்தபோது வீட்டில் ஸ்டீபன்ராஜ் உட்கார்ந்திருந்தார். அல்போன்சா வரவழைத்திருந்தாள். "தப்பு எங்கடையிலதாம்மா. பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல" என்று அவர் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். முத்துப்பேச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நீங்க மெயின் ரோட்டுப் பாத்திரக்கடைக்காரருங்களா? ஐப்பசியில உங்கட்டத்தானுங்க நான் இட்லிக் குண்டான் வாங்கினேன்! சீட்டும் எழுதிப் போட்டேனுங்க! அதான் தெனமும் ஒருத்தன் கூப்புட்டு, 'அம்மா, கார் வேணுமா, கார் வேணுமா'ங்கிறானா? நான் என்னமோ நம்ம பிரபு ரகசியமாக் கார் கேட்டிருக்கான்னு ஒரு மாசமா அவன்கூடப் பேசலீங்க!"

முதலில் புவனா சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். முத்துப்பேச்சி அன்று வைத்த காப்பியையும் குடித்தாள், போன வாரம் குடிக்காமல் போன காப்பிக்குச் சேர்த்து இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"ஆனாலும் நம்பர மாத்திக்கிறியா கண்ணு? போனது போனதுதானுங்களே, அது திரும்பியா வரப்போகுது?" என்று போகும்போது கேட்டாள்.

"நான் மாத்த மாட்டேன் அத்தை. தப்புச் செஞ்சவன் மாறட்டும்" என்றாள் புவனா.

"பார்றா! இந்தப் பிள்ளைதான் எங்க வீட்டுக்கு வேணுமுங்க" என்றாள் முத்துப்பேச்சி.

தை மாதம் கல்யாணம் ஜோராக நடந்தது. பந்தியில் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் மட்டும் பதினாறு என்று எண்ணினேன். மற்றவர்கள் ஏழு என்றார்கள், அவர்கள் சரியாக எண்ணவில்லை. புவனா கல்யாணத்துக்குப் பிறகும் அதே ஆபீசுக்கு, அதே நம்பரோடு, கன்னிவாடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோனாள். ஸ்டீபன்ராஜ் கடையில் கூப்பன் பெட்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு பலகை: "இங்கு சாமானுக்குக் காசு மட்டும் போதும்." அதைப் பார்த்தே கூட்டம் கூடியது என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மற்றக் கடைகளில் பெட்டிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் அல்போன்சாவின் வாடிக்கைக்காரிகள் யாரும் சொந்தப் பெயரை அதில் போடவில்லை. கருப்பம்மாள் ஒரு கடைக்கு முத்தாலம்மாள், ஒரு கடைக்கு மாரியம்மாள். நர்கீஸ் தன் பாட்டியின் பாட்டி பெயரைப் போட்டாள். சோலைமுத்து மதுரைவீரன் என்று எழுதி, வயது எழுநூறு என்று போட்டார். தபால்காரர் வீரன் ஒரு நாள் பையைக் கீழே வைத்துவிட்டு அல்போன்சா கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"யக்கா, இந்தத் தெருவுல மனுசங்களுக்குக் கடிதாசியே வர மாட்டேங்குது. எல்லாம் சாமிக்குத்தான் வருது. இந்தா பாருங்க, மதுரைவீரனுக்கு இன்சூரன்ஸ் எடுக்கணுமாம்!"

"எடுக்கச் சொல்லு" என்றாள் அல்போன்சா. "வயச மட்டும் மறைக்க வேணாம்னு சொல்லு."

இத்தனைக்கும் பிறகு அவள் எனக்காவது கொஞ்சம் சலுகை காட்டியிருக்கலாம். என் அளவு எந்தப் புனிதையின் பெயரில் இருக்கிறது என்று போன தீபாவளிக்குக்கூடக் கேட்டுப் பார்த்தேன். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தாள். நோட்டைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.